தோட்டக்கலை வல்லாரும் கட்டற்ற கலைக்களஞ்சியமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் வழங்கும் பழமொழி. நூலறிவு மட்டும் உடையாரை நோக்கி, நிலத்தில் இறங்கி உழைப்பார் சொல்லும் சொல் இது. இதனைத் திருப்பியும் கேட்டல் வேண்டும். கறிக்கு உதவிய சுரைக்காய் ஏட்டில் ஏறுமா? ஐம்பது ஆண்டு மண்ணோடு பழகிய ஒருவர் அறிந்தவை, எவரும் எடுத்துப் படிக்கத்தக்க நூலுள் இடம்பெறுமா? பெறாதாயின் குறை யாருடையது? தோட்டக்காரருடையதா, நூலுடையதா?

இஃது இன்று வெறுங் கற்பனை வினா அன்று. செடி ஒன்றைப் பற்றி எழுதி வருக என்று நாம் மாணவர்க்குப் பணித்தால், அவர்களுள் பெரும்பாலார் நாடுவது கணினித் திரையில் விரியும் விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியத்தையே. அதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். அவ்வாறாயின் செடிகளைப் பற்றி அதில் எழுதத் தக்கவர் செடி வளர்ப்பவரே என்று எண்ணத் தோன்றும். ஆனால் நடப்பது வேறு. செடி வளர்ப்பவர் எழுதப் புகுந்தால், முதல் நாளிலேயே அவர் எழுதியது நீக்கப்படுவதும், அவர் மனம் நொந்து விலகுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. இதன் காரணத்தை ஆராய்ந்து, இருசாரார் கூற்றையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் தாங்கிய நூலும் பெயர் தாங்கா நூலும்

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி புதியதன்று. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக நின்று தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதில் துறைதோறும் வல்லுநரைத் தேர்ந்து, அவரிடம் கட்டுரை பெற்று, ஆசிரியர் குழு ஆய்ந்து அச்சேற்றியது. படிப்பவன் அக்கட்டுரையை நம்புவதற்குக் காரணம், எழுதியவர் இன்னார் என்பதும், அவரைத் தேர்ந்தவர் இன்னார் என்பதுமே.

விக்கிப்பீடியா 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆங்கிலத்தில் தோன்றியது. தமிழ்ப் பதிப்பு 2003-ஆம் ஆண்டு தொடங்கிற்று. கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன் அதனைத் தொடக்கத்திலிருந்தே வளர்த்தவர். அத்தொண்டுக்காகக் கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவர்க்கு அளித்தது. 2017-ஆம் ஆண்டில் தமிழ்ப் பதிப்பின் கட்டுரைகள் ஓரிலக்கத்தைக் கடந்தன. ஊதியம் பெறாத அன்பர் பலர் ஓய்வுப் பொழுதில் செய்த பணி இது. இதனைப் பாராட்டாதார் தமிழ்ப்பற்று உடையார் ஆகார்.

நிற்க. இங்கே கருதற்குரியது ஒன்று உண்டு. தூரன் காலத்துக் களஞ்சியத்தில் பெயர் பிணையாக நின்றது. விக்கிப்பீடியாவில் எழுதுபவர் புனைபெயரில் எழுதலாம். அவர் பேராசிரியரோ பள்ளிச் சிறுவரோ என்பது படிப்பவனுக்குத் தெரியாது. ஆகவே பெயர் பிணையாக நிற்க இயலாது. அவ்விடத்தில் சான்று பிணையாக நிற்கிறது. எழுதிய ஒவ்வொன்றும், முன்னரே அச்சான நம்பத்தக்க நூலிலோ இதழிலோ இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இதனை மெய்யறிதன்மை என்கின்றனர். இதனோடு, எழுதுவோர் தம் சொந்த ஆராய்ச்சியை அங்கே முதன்முதலாக வெளியிடலாகாது என்பதும், நடுநிலை நோக்கு வேண்டும் என்பதும் சேர்ந்து மூன்று அடிப்படை விதிகள் ஆகின்றன.

இவ்விதிகளால் விளைந்த பயனையும் மறுத்தல் இயலாது. 2005-ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் அறிவியல் இதழ், ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரித்தானிக்காக் களஞ்சியத்திலிருந்தும் 42 அறிவியற் கட்டுரைகளை எடுத்து வல்லுநரைக் கொண்டு ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரி பிழை, முன்னதில் ஏறத்தாழ நான்கு, பின்னதில் மூன்று. பிரித்தானிக்கா நிறுவனம் அம்முடிவை மறுத்துரைத்தது. ஆயினும் எவரும் எழுதும் நூல் குப்பையாகவே முடியும் என்ற எண்ணம் அன்றோடு தளர்ந்தது.

பழைய தோட்டக்காரர் எழுதிய அகராதி

செடி வளர்ப்பவர் பெருநூல் எழுதுதல் மேலைநாட்டில் பழைய வழக்கம். இலண்டன் நகரத்துச் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1722 முதல் 1770 வரை தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் பிலிப் மில்லர். அவர் 1731-ஆம் ஆண்டில் தோட்டக்காரர் அகராதி என்னும் பெருநூலை வெளியிட்டார். அது அவர் வாழ்நாளிலேயே எட்டுப் பதிப்புக் கண்டது. பிரான்சு நாட்டில் திதரோ தொகுத்த புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்திலும், தோட்டக்கலைப் பகுதிகளை எழுதியவர் தர்சான்வீல் என்பார். அவர் 1709-ஆம் ஆண்டிலேயே தோட்டக்கலையைப் பற்றித் தனிநூல் எழுதியவர்.

மில்லர் வாழ்க்கையில் நமக்கு இரண்டு பாடங்கள் உள. முதலாவது, அவர் தம் கண்ணால் கண்டதைத் தம் நூலில் எழுத உரிமை பெற்றிருந்தார். துலிப் மலர்களில் மகரந்தத் தாளை நீக்கிவிட்டு நோக்கியபோது, தேனீக்கள் வேறு மலரிலிருந்து மகரந்தம் கொணர்ந்து சேர்ப்பதைக் கண்டார். பூச்சிகள் செடிகளின் சூல்கொள்ளலுக்கு உதவுகின்றன என்பதைக் கண்டு சொன்னவருள் அவர் முந்தியவர். அவர் நூல் அவர் பெயர் தாங்கிய நூல். பொய்த்தால் பழி அவர்க்கே. எனவே அவர் சொல்லலாம். இன்று அதே மில்லர் விக்கிப்பீடியாவில் அதனை எழுதினால், வேறிடத்தில் வெளியிட்டுவிட்டு வருக என்று திருப்பியனுப்புவர். அவர் அறிவில் குறை கண்டு அனுப்புவதன்று. நூலின் தன்மை வேறு என்பதனால் அனுப்புவதாகும்.

இரண்டாவது பாடம், முதிர்ந்த வல்லாரும் புதிய முறையைக் கற்றே ஆகவேண்டும் என்பது. சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-ஆம் ஆண்டில், ஒவ்வொரு செடிக்கும் இருசொற் பெயர் இடும் முறையை நிலைநிறுத்தினார். மில்லர் பழைய நீண்ட பெயர்களையே பல்லாண்டு பற்றி நின்றார். 1768-ஆம் ஆண்டு எட்டாம் பதிப்பில்தான் புதிய முறையைத் தம் நூலில் ஏற்றார். அப்போது அவர்க்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இன்றளவும் செடிநூலார் அவருடைய பதிப்புகளுள் எட்டாம் பதிப்பையே பெரிதும் எடுத்தாளுகின்றனர். வயது கற்பதற்குத் தடையன்று என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முருங்கைக் கட்டுரை கற்பித்தவை

இனி நம் நாட்டுக்கு வருவோம். எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், தோட்டத்து நாற்றங்காலில் நெடுங்காலம் மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவர். ஒட்டுக் கட்டுவதிலும் போத்து நடுவதிலும் அவருக்கு நிகர் எங்கள் வட்டாரத்தில் இலர். பேரப்பிள்ளைகள் கணினியில் எழுதக் கற்றுக்கொடுக்க, அவர் விக்கிப்பீடியாவில் முருங்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். அதன் கருத்து வருமாறு: முருங்கையை விதையிட்டு வளர்க்கலாகாது, கைப்பருமனுள்ள போத்தை வெட்டி, மேல்வாயில் சாணி அப்பி நடுக, மழை மிகுந்த நாட்டில் இலை செழிக்கும், காய் குறையும், இஃது எங்கள் தோட்டத்தில் ஐம்பதாண்டு கண்ட உண்மை.

மறுநாள் அப்பத்தி இல்லை. சான்று இல்லை, கையேட்டு நடையில் உள்ளது என்ற குறிப்பு மட்டும் வரலாற்றுப் பக்கத்தில் இருந்தது. பெரியவர் சினந்தார். மண்ணைத் தொட்டறியாத ஒருவன் என் எழுத்தை அழிப்பதா என்றார். அவர் சினம் இயல்பே. ஆயினும் அப்பத்தியைச் சொல் சொல்லாக ஆராய்ந்தால், நீக்கியவர் பக்கமும் நியாயம் உண்டு என்பது விளங்கும்.

முதல் வாக்கியத்தை நோக்குக. விதையிட்டு வளர்க்கலாகாது என்பது மரமுருங்கைக்குப் பொருந்தும் அறிவுரை. ஆயின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கை வகைகள் விதையிட்டே பயிராகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பரப்பில் விளைவது இவ்வகை. பெரியவர் சொன்னது பொய்யன்று. அவர் வளர்த்த முருங்கைக்கு மெய். ஆனால் முருங்கை என்னும் தலைப்பின்கீழ் நிற்கும்போது அது பிழையாகிவிடுகிறது. சான்று கேட்ட விதிதான் இப்பிழையை வெளிப்படுத்தியது.

இரண்டாம் வாக்கியத்தில் உண்மை குறைவில்லை. நடை ஒன்றே குறை. நடுக, அப்புக என்று ஏவுதல் கலைக்களஞ்சிய நடையன்று. அது கையேட்டு நடை. களஞ்சியம் உரைப்பது உலகில் யாது நிகழ்கிறது என்பதை. யாது செய்க என்பதை அன்று. மரமுருங்கை போத்து நட்டுப் பெருக்கப்படுகிறது, வெட்டுவாய் உலராதிருக்கச் சாணி அப்புவர் என்று விளக்கமாக மாற்றினால் அதே செய்தி நிற்கும். ஏவல் நடைக்கு இடம் வேண்டின், விக்கிநூல்கள் என்னும் உடன்பிறந்த திட்டத்தில் கையேடாகவே எழுதலாம்.

மூன்றாம் வாக்கியம் பொன் போன்றது. முருங்கை இமயமலையடிவாரத்து வடமேற்கு இந்தியாவைத் தாயகமாக உடையது; வறண்ட வெப்பநிலமே அதற்கு உகந்தது என்று வேளாண் நூல்கள் கூறும். அந்நூலொன்றைச் சான்றாகக் காட்டினால், பெரியவர் கண்டதன் சாரம் களஞ்சியத்தில் ஏறிவிடும். எங்கள் தோட்டத்தில் கண்டது என்ற நான்காம் வாக்கியம் மட்டும் நீங்கும்.

இவ்வளவும் அவருக்கு எடுத்துக் கூறப்பட்டபின் அவர் மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகினார். கட்டுரைதோறும் உள்ள பேச்சுப் பக்கத்தில் தம் ஐயங்களை இட்டார். ஆலமரத்தடி என்று அழகாகப் பெயரிடப்பட்ட பொதுமன்றத்தில் பிறரைக் கேட்டார். சில திங்களில் அவர் பத்தி நிலைபெற்றது. அதில் ஏவல் இல்லை, தன்னுரை இல்லை, சான்று இருந்தது. தம் அறிவைத் தம்மிடமிருந்தே பிரித்து நிறுத்தக் கற்றுக்கொண்டார் என்று இதனைச் சொல்லலாம். கட்டுரை எழுதக் கற்பிக்கும் நாம், மாணவர்க்கு ஈராண்டில் கற்பிக்கத் தவறுவதை அந்த மணல்தொட்டி சில திங்களில் கற்பித்தது.

சான்றே பிழையானால்

இங்ஙனம் கூறியதால் விதி முழுமையானது என்று கொள்ளற்க. அச்சேறியது அனைத்தும் உண்மையன்று. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். இலைக்கீழே நெல்லிபோன்ற சிறுகாய் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் பெற்ற இச்சிறுசெடி, நம் தோட்டப்புறங்களில் வீட்டு முற்றந்தோறும் முளைப்பது. பழைய நூல்கள் பலவும் இதன் செடியியற் பெயரைப் பில்லாந்தசு நிரூரி என்றே எழுதின. பின்வந்த ஆராய்ச்சியில், நிரூரி என்னும் இனம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது என்பதும், இந்திய நூல்களில் அப்பெயரால் குறிக்கப்பட்டவை அமாரசு முதலிய மூன்று வேறு இனங்கள் என்பதும் 1985-ஆம் ஆண்டளவில் தெளிவாக்கப்பட்டன. ஆயினும் பழைய பெயர் இன்னும் நூல்தோறும் உலவுகிறது. சான்று காட்டுக என்றால், பிழையான பெயருக்கு நூறு சான்று காட்டலாம். சரியான பெயருக்குச் சிலவே கிடைக்கும்.

இவ்விடத்தில்தான் தோட்டக்காரர் கண் பயன்படும். ஒன்றுபோல் தோன்றும் செடிகளை இலையும் காயும் நோக்கிப் பிரித்தறிவது அவர்க்குக் கைவந்த கலை. அவர் களஞ்சியத்தில் தம் முடிவை எழுதவேண்டுவதில்லை. இப்படம் அச்செடியின் படமன்று, இந்நூல் பழைய பெயரைக் கூறுகிறது, புதிய நூலைப் பார்க்க என்று பேச்சுப் பக்கத்தில் குறித்தாலே போதும். பிழையான படம் ஒன்று நீங்கினால் ஆயிரம் மாணவர் பிழையினின்று நீங்குவர்.

கீழாநெல்லி மற்றோர் எச்சரிக்கையும் தருகிறது. தமிழில் உள்ள செடிக் கட்டுரைகள் பலவற்றில் மருத்துவப் பயன் என்னும் பகுதி மிக நீண்டு, இந்நோய் தீரும், அந்நோய் தீரும் என்று அறுதியிட்டுச் செல்கிறது. 1988-ஆம் ஆண்டில் சென்னை ஆராய்ச்சியாளர், கல்லீரல் அழற்சி பி நச்சுயிரியைத் தாங்கியோர்க்குக் கீழாநெல்லியைக் கொடுத்து நற்பயன் கண்டதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினர். உலகம் வியந்தது. ஆனால் பின்னர்ப் பிறர் செய்த சோதனைகள் அப்பயனை உறுதிசெய்யவில்லை. நடுநிலை நோக்கு என்பது இவ்விரண்டையும் சேர்த்துக் கூறுவதே. முதற்பாதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது, மஞ்சட்காமாலை கண்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் தாய் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் காரணமாகலாம். ஈண்டுப் பிழை என்பது இலக்கணப் பிழை போன்றதன்று. உயிரைத் தொடும் பிழை.

ஒரு பெண்மணியும் ஒரு மலரும்

எழுதி வைக்கப்படாத தோட்டக்கலை அறிவுக்கு யாது நேரும் என்பதற்குச் சிங்கப்பூரின் தேசிய மலரே சான்று. 1981-ஆம் ஆண்டு தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட் மலர், ஆர்மீனியக் குலத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணியின் தோட்டத்தில் தோன்றியது. அவர் அதனைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி 1893-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவந்த தோட்டக்கலை இதழில் அதனை விவரித்து, அப்பெண்மணியே இரண்டு வாண்டா இனங்களைக் கலந்து அதனை உண்டாக்கினார் என்று எழுதினார். ஆக்னஸ் 1899-ஆம் ஆண்டில் காலமானார். அவர் தாமே எழுதிய விளக்கம் எதுவும் உலகுக்குக் கிடைக்கவில்லை.

பின்னாளில், அம்மலர் தற்செயலாக மூங்கிற் புதரருகே முளைத்ததை அவர் கண்டெடுத்தார் என்ற செய்தி பரவியது. பல நூல்கள் அதனையே எழுதின. ஒரு பெண்மணியின் திறமை, கண்டெடுத்த நற்பேறாகச் சுருங்கிவிட்டது. பழைய இதழை மீண்டும் ஆராய்ந்து அவர் உரிமையை நிலைநாட்டப் பலர் பாடுபட்டனர். 2016-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரின் அரசு அமைப்புகள், அம்மலரைக் கலந்து உருவாக்கியவர் அவரே என்று ஏற்றன. ரிட்லி எழுதிய அச்சிட்ட சில வரிகள் இல்லாதிருந்தால் அதுவும் நிகழ்ந்திராது. மெய்யறிதன்மை என்னும் விதியை வெறுக்கும் தோட்டக்காரர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சு ஒரு தோட்டக்காரியின் பெருமையை மறைக்கவும் செய்தது, மீட்கவும் செய்தது.

பெயரும் நடையும்

மொழியாசிரியராகிய நமக்கு இதில் தனிப்பட்ட வேலை உண்டு. தமிழ்க் களஞ்சியத்துச் செடிக் கட்டுரைகள் பல, ஒரு பூக்கும் தாவரமாகும் என்று தொடங்கி, ஆங்கிலக் கட்டுரையின் நிழலாகவே நடக்கின்றன. 2009-ஆம் ஆண்டை ஒட்டிக் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிச் சேர்த்தபோது, தமிழ் நடைக்கு ஒவ்வாத நீண்ட தொடர்களும் நமக்கு வேண்டாத தலைப்புகளும் மிகுந்தன என்று தமிழ் விக்கிப்பீடியர் வெளிப்படையாகவே குறைகூறினர். அக்குறைகூறல் மொழிப்பற்றால் விளைந்த நல்ல குறைகூறல்.

செடிகளைப் பற்றி எழுதத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்து, அவற்றின் உறுப்புகளுக்கு உரிய சொற்களையும் தனித்தனியே வகுத்துள்ளார். தென்னைக்கும் பனைக்கும் உரியது ஓலை. மாவுக்கும் பலாவுக்கும் உரியது இலை. இவ்வேறுபாடு எழுத்தறியாத் தோட்டக்காரரிடம் இன்றும் உயிரோடு உள்ளது. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுபவரோ தென்னை இலை என்று எழுதிவிடுகின்றார். மோரிங்கா என்று உலகம் வழங்கும் செடியியற் பெயரே முருங்கை என்ற தென்னாட்டுச் சொல்லினின்று பிறந்ததாயிருக்க, நாம் சொல்லுக்கு அலைவது விந்தையே.

வட்டாரப் பெயர்களைத் தொகுப்பதும் தோட்டக்காரர் செய்யத்தக்க பணி. பப்பாளியை யாழ்ப்பாணத்தார் பப்பாசி என்பர். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பாரும் உளர். இந்நாட்டுத் தோட்டத்தமிழர் ரப்பர் மரத்தைக் கித்தா என்று வழங்கியது மலாய்ச் சொல்லைத் தழுவி. பால் சேரும் கிண்ணத்தை மங்கு என்றனர். வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்றனர். இவற்றைக் கொச்சை என்று தள்ளுவோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு தொழிலைச் செய்த மக்கள் அத்தொழிலுக்கு இட்ட பெயர் அத்தொழிலின் வரலாறு. தலைப்பு நற்றமிழில் நிற்கட்டும். உள்ளே வழக்குப் பெயர்கள் அனைத்தும் இடம்பெறட்டும்.

எழுதப்படாத அறிவு

களஞ்சியத்தார்மீது சாற்றத்தக்க வலுவான குறை ஒன்று எஞ்சியுள்ளது. அச்சு மிகுந்த மொழியினர்க்கு மெய்யறிதன்மை எளிது. வாய்வழி அறிவு மிகுந்த மக்களுக்கு அது பூட்டிய கதவு. இதனை உணர்ந்து 2011-ஆம் ஆண்டில் அச்சல் பிரபலா என்பார், விக்கிமீடியா அறக்கட்டளையின் துணையோடு இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஊர்மக்கள் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, அதனையே சான்றாக்கிக் கட்டுரை எழுதும் முயற்சியை நடத்தினார். மலையாளம், இந்தி, வடசோத்தோ ஆகிய மொழிகளில் அம்முயற்சி நடந்தது. நல்ல முயற்சி. ஆயினும் அது பொதுவிதியாக நிலைபெறவில்லை. ஒருவர் வாய்மொழியை மட்டும் ஏற்றால், மற்றொருவர் பொய்மொழியையும் ஏற்க நேரும் என்ற அச்சமே காரணம். அவ்வச்சத்தையும் முற்றும் தவறு என்று சொல்லுதற்கில்லை.

அங்ஙனமாயின் வழி யாது? கதவு பூட்டியிருப்பின் திறவுகோல் செய்தல் வேண்டும். அத்திறவுகோல் அச்சு. நம் நாட்டில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. கித்தா நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் நகரம் எழுகிறது. லயத்து வீடுகளின் பின்புறம் நம் பாட்டிமார் வைத்திருந்த கொல்லையும், அதில் நின்ற செடியும், அதற்கு அவர்கள் இட்ட பெயரும், அதனை வளர்த்த முறையும் ஒருங்கே மறைகின்றன. இவற்றை அறிந்தோர் எழுபதும் எண்பதும் கடந்தவர். அவர்கள் மறைந்தபின் எந்தக் களஞ்சியமும் இவற்றைப் பெறாது. விதியைத் தளர்த்தினாலும் பெறாது.

எனவே ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்கன சில உண்டு. மாணவரைத் தோட்டத்து முதியோரிடம் அனுப்பி, ஒரு செடிக்கு ஒரு பக்கம் என்று எழுதி வரச் செய்யலாம்: பெயர், வேறு பெயர், முளைக்கும் இடம், பூக்கும் காலம், பெருக்கும் முறை, சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார். அவற்றைத் தாவரநூலோடு ஒப்பிட்டுத் திருத்தி, ஆசிரியர் குழு உடைய இதழ்களுக்கும் நாளேடுகளுக்கும் கட்டுரையாக அனுப்பலாம். பள்ளி ஆண்டுமலரும் பயன்படும். ஆயினும் பிறர் ஆய்ந்து வெளியிடும் ஏட்டுக்கே மதிப்பு மிகுதி. தாமே எழுதித் தாமே அதனைச் சான்றாகக் காட்டுதல் அழகன்று. அதனைப் பிறர் எடுத்தாள விடுக. அச்செடிகளை நிழற்படம் எடுத்து, இடமும் நாளும் குறித்து, விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்ப்பதற்கோ எவ்வகை நூற்சான்றும் வேண்டா. அதனை இன்றே தொடங்கலாம்.

முடிவுரை

தோட்டக்கலை வல்லார் கற்கவேண்டியவை மூன்று: தாம் அறிந்ததையும் பிறர்க்குக் காட்டத்தக்கதையும் பிரித்தறிதல், ஏவாமல் விளக்குதல், தம் எழுத்தைப் பிறர் திருத்தப் பொறுத்தல். மூன்றாவதே கடினமானது. ஆனால் செடி வளர்ப்பவர்க்கு அது புதிதன்று. தாம் நட்ட கிளையைத் தாமே வெட்டிக் கழிப்பவர் அவர். கழித்த மரமே காய்க்கும் என்பதையும் அறிந்தவர்.

களஞ்சியத்தார் கற்கவேண்டியவையும் உண்டு. சான்றில்லை என்று நீக்கும் கை, சான்று தேடும் வழியையும் காட்டுதல் வேண்டும். முதல் நாள் வந்த முதியவரை ஒரு வரிக் குறிப்பால் திருப்பியனுப்புவது, களஞ்சியத்துக்கு வரவேண்டிய நெல்லை வாயிலிலேயே கொட்டுவதாகும்.

இவ்விருவர்க்கும் இடையே நிற்பவர் தமிழாசிரியர். நாற்றங்கால் மொழியும் அவர்க்குத் தெரியும். நூல் மொழியும் தெரியும். சுரைக்காயைக் கொல்லையிலிருந்து ஏட்டுக்குக் கொண்டுவரும் கை அவர் கையே. சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அக்கை எழுதத் தொடங்குதல் வேண்டும்.